புதுசு 2

அப்பாவிடம் முதன்முதலாக "கிக்குக்குப் போயிட்டு வரேன்" என்று சொன்னது 2008இல். கையிலிருந்த பேப்பரை மடக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ராக் குழு ஓரிடத்தில் வந்து வாசித்தால் அதற்கு அப்படித்தான் பெயர் என்று விளக்கினேன். "கச்சேரின்னு சொல்லேன்டா, அதென்ன கிக்கு?" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "குடிக்கிற எடமாடா?"

குடிக்கிற இடமில்லை. அடையாறில் அன்வைண்ட் சென்டர் என்று ஓர் இடம். மதுவும் கிடையாது, சிகரெட்டும் கிடையாது. சென்னையில் ராக் கேட்டு வளர்ந்த என் வயதுக்காரர்களைப் பிடித்துக் கேட்டால் பலரும் முதல் கிக் அங்கேதான் பார்த்ததாகச் சொல்வார்கள். ஜூன் ராக் அவுட் என்று விழாவெல்லாம் நடத்தியவர்கள். நான் போனது விழாவுக்கு இல்லை, ஒரு சாதாரண சனிக்கிழமைக்கு. மூன்று குழுக்கள். ஆறரை மணி என்று போட்டிருந்ததை நம்பி ஆறே காலுக்கே போய் நின்றேன். ஏழரைக்கு ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்த கிக் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. சபாக்காரர்கள் நாலே காலுக்கு என்று போட்டால் நாலே காலுக்குத் திரையைத் தூக்கிவிடுவார்கள். அந்த ஒரு விஷயத்தையாவது ராக் பையன்கள் சபாவிடம் கற்றுக்கொண்டிருக்கலாம்.

முப்பது முப்பத்தைந்து பேர் இருந்திருப்போம். அதில் பன்னிரண்டு பேர் அன்று வாசிக்க வந்தவர்கள். ஏழெட்டுப் பேர் அவர்களுடைய கல்லூரி நண்பர்கள். நாலைந்து பெண்கள், காதலிகளோ ஆகப்போகிறவர்களோ. ஓர் அக்கா, கையில் டிபன் கேரியருடன். எவரையும் தெரியாமல் வந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. டிக்கெட் கிழித்த பையனே "நீங்க யாரோட ஃப்ரெண்டு?" என்று கேட்டான்.

இரண்டாவதாக வந்த குழுவில் நான்கு பேர். பெயர் வேண்டாம், அவர்களே அந்தப் பெயரை இப்போது வெட்கத்தோடுதான் சொல்வார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் வீட்டிலிருந்து ஒரு ஜமுக்காளத்தைச் சுருட்டி எடுத்து வந்திருந்தான். சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட பவானி ஜமுக்காளம், கல்யாண வீட்டில் விரிப்பது. எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. டிரம் செட்டிலேயே பெரியதான டிரம்மைக் காலால் மிதித்து வாசிக்க வேண்டும். வழவழப்பான தரையில் ஒவ்வொரு மிதிக்கும் அது அரை அங்குலம் முன்னால் நகரும். நாலு பாட்டு முடிவதற்குள் டிரம் ஒரு பக்கம், வாசிப்பவன் ஒரு பக்கம் ஆகிவிடுவான். அதற்குத்தான் கீழே விரிப்பு. அன்றைக்கு ஜமுக்காளமே சேர்ந்து நகர ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது பாட்டு நடுவில் ஒரு நண்பன் எழுந்து போய், டிரம்முக்கு முன்னால் எங்களைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதுகால் அதைத் தாங்கிக்கொண்டான். கடைசிப் பாட்டு வரை அங்கேயே இருந்தான். ஒவ்வொரு அடிக்கும் அவன் தலை லேசாக ஆடியது. அவனைப் பார்ப்பதா பாடுகிறவனைப் பார்ப்பதா என்று எனக்குக் குழப்பம்.

பாடுகிறவன் காலடியில், கோடு போட்ட நோட்டுத் தாளில் அன்று வாசிக்கப்போகும் பாட்டுகளின் வரிசையை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. ஐந்து பாட்டு. நாலுக்குப் பெயர் இருந்தது. ஐந்தாவதுக்கு எதிரே 'புதுசு 2' என்று மட்டும்.

அந்தப் பாட்டுக்கு முன்னால் பாடுகிறவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு இன்னும் வார்த்தை முழுசா எழுதல. எழுதாத எடத்துல சும்மா ஹம் பண்ணுவேன். அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றான். பேஸ் கிட்டார் மட்டும் தனியாக ஆரம்பித்தது. திஸ்ர நடையில், தொட்டில் ஆட்டுகிற மாதிரி. மேலே இன்னொரு கிட்டார் இரண்டே இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி. அப்புறம் அவன் பாடினான், ஆங்கிலத்தில், ஒரு சொல்லும் புரியவில்லை. பல்லவி வர வேண்டிய இடத்தில் சொன்னபடியே வார்த்தை இல்லாமல் முனகினான். அந்த முனகலில் ஏதோ இருந்தது. பின்னால் டிபன் கேரியர் அக்காகூடப் பேச்சை நிறுத்திவிட்டார்.

பாதியில் கிட்டார் தந்தி அறுந்தது. மாற்றிக் கட்ட நாலு நிமிடம். பாடுகிறவன் அந்த நாலு நிமிடத்தை ஒரு சுமாரான ஜோக்கால் நிரப்பினான். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்தே வாசித்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்தால் ஒன்பதரை தாண்டிவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, சர்தார் படேல் சாலையோடு நடக்க ஆரம்பித்தேன். ஐஐடி வாசல், காந்தி மண்டபம், ராஜ்பவன், சின்னமலை. காது இரண்டிலும் 'ங்ஙொய்' என்று ஒரே சுருதி. லாரி ஹாரனே பக்கத்துத் தெருவில் அடிக்கிற மாதிரிதான் கேட்டது. சைதாப்பேட்டை பாலம் வரும்வரை அந்த முனகலைத்தான் முனகிக்கொண்டே வந்தேன். மாம்பலத்தில் வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் மெல்ல முனகியிருக்கிறேன் போல. அம்மா இருட்டில் கேட்டாள்: "எந்தப் படத்துலடா இது?"

அந்தக் கேள்வியில் தப்பில்லை. நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். பாட்டு என்றால் அதற்கு ஒரு படம் இருக்கும், படத்தில் ஒரு முகம் இருக்கும், முகத்துக்குப் பின்னால் ஊட்டியோ சுவிட்சர்லாந்தோ இருக்கும். எங்கள் தெருவில் அம்மன் கோவில் திருவிழாவுக்கு வருடா வருடம் மெல்லிசைக் குழு வரும். நல்ல கலைஞர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு எது தெரியுமா? "அச்சு அசல் ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு." புல்லாங்குழல் வருகிற இடத்தில் வந்ததா, அந்த ஒற்றை வயலின் இழுப்பு இருந்ததா என்று ஊரே பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரி கேட்கும். எல்லாருக்கும் விடை தெரியும். சபாவிலும் ஏறக்குறைய அப்படித்தான். பாடுகிறவர் வாயைத் திறந்தவுடன் பக்கத்து சீட்டு மாமா ராகத்தைச் சொல்லிவிடுவார், கிருதி அவருக்கு நாற்பது வருடப் பழக்கம்.

அன்றைக்கு அடையாறில் எனக்கு விடை தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ரெக்கார்டு இல்லை, ஏனென்றால் அதை யாரும் இன்னும் பதிவு செய்யவில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியாது. தப்பாக வாசித்தால் தப்பு என்றும் தெரியாது. இருபது வயதுவரை அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லை என்பது நடந்து வரும்போதுதான் உறைத்தது. இன்றைக்கும் நான் சின்ன அறைகளைத் தேடிப் போவதற்குக் காரணம் இது ஒன்றுதான். கிட்டாரின் மேல் எனக்குத் தனிக் காதல் எதுவும் கிடையாது.

சின்ன அறையின் சத்தத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய மைதானத்தில் கேட்டவர்கள் அதேதான் இங்கேயும், கொஞ்சம் சின்னதாக, என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மைதானத்தில் எல்லாக் கருவியும் மிக்ஸருக்குப் போய், ஒருவர் அளந்து கலந்து, ஸ்பீக்கர் வழியாக நமக்கு வருகிறது. இருபதுக்கு முப்பதடி அறையில் டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம். குச்சியால் அடித்தால் அடித்ததுதான், அதற்குக் குறைப்பான் எதுவும் இல்லை. ஆக அறையின் சத்தத்தைத் தீர்மானிப்பவன் டிரம்மர். அவனுக்கு மேலே கேட்க வேண்டும் என்று கிட்டார்காரன் தன் ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தை ஏற்றுவான். அவனுக்கு மேலே பேஸ். கடைசியில் குரல் அடியில் போய்விடும். குரலை ஏற்றினால், பாடுகிறவன் தன் குரலைத் தானே கேட்பதற்காகக் காலடியில் வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்குக்குள் நுழைந்து, அது மறுபடி ஸ்பீக்கரில் வந்து, சுற்றிச் சுற்றி 'கீஈஈ' என்று ஊளை கிளம்பும். நல்ல குழுவா இல்லையா என்று நான் முடிவு செய்வது இந்த இடத்தில்தான். நல்ல டிரம்மர் சின்ன அறைக்கு மெல்லிய குச்சி எடுத்து வருவான். நல்ல கிட்டார்காரன், பாடுகிறவன் வாயைத் திறக்கும்போது கையை அடக்குவான். மிருதங்கக்காரர் பாடகருக்காக அடக்கி வாசிப்பாரே, அதே மரியாதை.

காதுக்கு நல்லதா? நிச்சயம் இல்லை. 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கிக்கொள் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். சின்ன அறையில் ராக் குழு 100ஐ முதல் பாட்டிலேயே தாண்டிவிடும். காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளும் புத்தி எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது. மருந்துக்கடையில் 40 ரூபாய்க்குக் கிடைக்கிற ஆரஞ்சு நுரை. அதை விரலால் உருட்டிச் செருகும்போதெல்லாம் பக்கத்திலிருக்கும் பையன்கள் 'அங்கிள்' என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

சென்னையில் இப்படிப்பட்ட இடங்கள் எப்போதும் கை விரலுக்குள்தான். கிளப் என்ற சொல்லே நம் ஊரில் வேறு. தாத்தா காலத்தில் கிளப் என்றால் காபி கிளப், இட்லி சாப்பிடும் இடம். அப்புறம் பணக்காரர்கள் உறுப்பினராகி டென்னிஸ் ஆடும் இடம். பாட்டுக் கேட்கும் கிளப் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நழுவிவிட்டது. மது விற்பனைதான் இப்படிப்பட்ட இடங்களுக்குச் சோறு போடும். டிக்கெட் காசு மின்சாரக் கட்டணத்துக்கே காணாது. இங்கே 2003இலிருந்து சில்லறை மது வியாபாரம் டாஸ்மாக் கையில். மீதி நட்சத்திர ஓட்டல் பார்களுக்கும் உறுப்பினர் கிளப்களுக்கும். டாஸ்மாக்கை ஒட்டிய பாரில் யாரும் கிட்டார் வாசிக்கப் போவதில்லை. அதனால் சென்னைக் குழுக்களுக்கு மிஞ்சியது ஓட்டல் பார், கல்லூரி விழா, அன்வைண்ட் மாதிரி ஒன்றிரண்டு இடங்கள், ஜூன் 21 உலக இசை நாளுக்கு நுங்கம்பாக்கத்துப் பிரெஞ்சுப் பண்பாட்டு மையம் அலியான்ஸ் பிரான்சேஸ் மாதிரி ஓரிடத்தில் கிடைக்கும் மேடை. ஐஐடி சாரங் விழாவின் ராக் இரவுக்குத் திறந்தவெளி அரங்கம் நிரம்பி வழியும். அதே கூட்டத்தில் நூற்றில் ஒருவர் அடுத்த மாதம் ஒரு சின்ன அறைக்கு வந்திருந்தால் இந்த ஊரின் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஓட்டல் பார் கிக் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஓட்டல் பெயர் வேண்டாம். ஏப்ரல் மாதம், ஐபிஎல் நடந்துகொண்டிருந்தது. குழுவின் தலைக்கு மேலேயே ஆளுயரத் திரையில் மேட்ச். சத்தத்தை மட்டும் அணைத்திருந்தார்கள். கிட்டார்காரன் கண்ணை மூடி ஒரு நீண்ட தனிக்கோர்வையில் இறங்கினான். அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பார் முழுக்க எழுந்து கத்தியது, விசில் பறந்தது. அவன் கண்ணைத் திறந்து புன்னகைத்துத் தலையைக் குனிந்தான். தோனி சிக்ஸர் அடித்திருந்தார். யாரும் அவனிடம் சொல்லவில்லை. நான் இன்றுவரை சொல்லவில்லை.

அன்றே இன்னொன்றும் நடந்தது. டிஷ்யூ பேப்பரில் யாரோ விருப்பப் பாட்டு எழுதி அனுப்பினார்கள். ஓட்டல் பெயரில் ஓர் அமெரிக்கப் பாட்டு இருக்கிறதே, 'ஹோட்டல் கலிஃபோர்னியா', அதேதான். சொந்தப் பாட்டு மட்டும்தான் என்று குழு கும்பிடு போட்டது. மேனேஜர் வந்து பாடுகிறவன் காதில் ஏதோ சொன்னார். அடுத்த பாட்டு அந்த ஓட்டல் பாட்டுதான். பார் முழுக்கக் கூடவே பாடியது. முடிந்ததும் பெரிய கைதட்டல். பாடியவன் முகத்தைப் பார்க்க நான் விரும்பவில்லை.

இந்த ஊரில் ராக் வாசித்தவர்கள் எங்கே போனார்கள் என்று தேடினால் சுவாரசியமான திசைகளுக்கெல்லாம் இழுக்கும். மெட்ராஸில் பிறந்த ரமேஷ் ஷோதம் 70களில் ஹ்யூமன் பாண்டேஜ் என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பிறகு முறையாகத் தவில் கற்றுக்கொண்டு ஜெர்மனிக்குப் போய், அங்குள்ள ஜாஸ் கலைஞர்களுக்கு நடுவில் தவிலை வைத்து வாழ்ந்து காட்டினார். ஏ.ஆர். ரஹ்மான் நெமஸிஸ் அவென்யூ என்று சென்னையில் ஒரு ராக் குழு வைத்திருந்தது பலருக்குத் தெரிந்த கதை. அவர் சினிமாவுக்குப் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை, எனக்கும் இல்லை. ஆனால் இங்கே திறமை என்று ஒன்று தலைகாட்டினால் கோடம்பாக்கம் அதைக் காந்தம் மாதிரி இழுத்துக்கொள்ளும். இழுபடாதவர்கள் பெங்களூர் பஸ் ஏறுவார்கள்.

நானும் ஏறினேன், வாசிக்க அல்ல, வேலைக்கு. 2013 கடைசியில். இந்திராநகரில் தி ஹம்மிங் ட்ரீ என்று குழுக்கள் மேடையேறி வாசிக்கும் ஒரு பப் அந்த வருடம்தான் திறந்திருந்தது. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி வாடகை அட்வான்ஸ். இரண்டாவது, புதன்கிழமை இரவில்கூட நூறு பேர் நின்றுகொண்டு, கேள்விப்படாத ஒரு குழுவின் கேள்விப்படாத பாட்டைக் கேட்பது. தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் என்று அங்கே ஒரு பழைய குழு உண்டு, 1996இலிருந்து வாசிக்கிறார்கள். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று ரொம்ப நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். மலையாளிகளைச் சுருக்கமாக 'மல்' என்பார்கள் இல்லையா, குழுவில் மூன்று மல், இன்னொருவர் கால் மல். த்ரீ மல் அண்ட் எ குவார்ட்டர். அவ்வளவுதான். இது தெரிந்த பிறகு அவர்களுடைய சிக்கலான தாளக்கணக்குகள் எல்லாம் எனக்குக் கொஞ்சம் எளிமையாகக் கேட்க ஆரம்பித்தன.

சென்னைக் குழுக்களை நான் ஒழுங்காகக் கேட்டதும் பெங்களூரில்தான் என்பது வேடிக்கை. 2012இல் சென்னையில் தொடங்கிய தி எஃப்16ஸ் மாதிரி குழுக்களுக்கு, சொந்த ஊரைவிட வெளியூர்க் கூட்டம் அதிகம் என்ற நிலை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களும் கிக்குக்கு ஊரைவிட்டு வருகிறவர்களும் அதே ஓசூர் சாலையில்தான் எதிரெதிராகப் போக வேண்டும்.

அந்தப் பெங்களூரும் ஒரு நாள் வாயை மூடியது. பொழுதுபோக்கு இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 2005இல் போட்ட உத்தரவு ஒன்று நீதிமன்றங்களில் இழுத்துக்கொண்டே கிடந்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட, அந்த வருடமே போலீஸ் பப்களுக்கு நோட்டீஸ் கொடுக்க ஆரம்பித்தது. தீயணைப்புச் சான்று, கட்டட நிறைவுச் சான்று என்று கேட்டால், இந்திராநகரில் பாதிக் கட்டடத்திடம் இருக்காது. மேடைகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஹம்மிங் ட்ரீ 2019இல் மூடப்பட்டது.

குடியிருப்போர் சங்கத்தினரை வில்லனாக்கி நண்பர்கள் பேசினார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஆடி மாதம் விடிகாலை ஐந்து மணிக்கு ஜன்னலுக்கு நேராகக் கூம்பு ஸ்பீக்கர் வைத்து எல்.ஆர். ஈஸ்வரி பாட்டுப் போடுகிற தெருவில் வளர்ந்தவன் நான். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் கூடாது, பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றெல்லாம் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அம்மனுக்கு அதிலிருந்து அவ்வப்போது விலக்கு கிடைக்கிறது, கிட்டாருக்குக் கிடைப்பதில்லை. சுவருக்கு உள்ளே ஒழுங்காக ஒலித்தடுப்புப் போட்டிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. அதற்குச் செலவு செய்தவர்கள் சிலர்தான், அவர்களுக்கும் சேர்த்துத்தான் அடி விழுந்தது.

2018இல் நான் சென்னைக்கே திரும்பிவிட்டேன். கல்யாணம். முதல் தடவை மனைவியைக் கூட்டிக்கொண்டு போன கிக்கைப் பற்றி அவள் சொன்ன விமர்சனம்: "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல." இசை விமர்சகர்கள் இதையெல்லாம் எழுதுவதில்லை. கூட்டத்தில் பெண்கள் ஏன் குறைவு என்று எனக்கு அதுவரை நிஜமாகவே புரியாமல் இருந்தது.

திரும்பி வந்த ஊரில் ஒன்று மாறியிருந்தது. பையன்கள் தமிழில் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் கல்லூரியில் இருந்தபோது ராக் என்றால் ஆங்கிலம்தான், தமிழில் பாடினால் மெல்லிசை என்று ஓர் எழுதாத சட்டம் இருந்தது. அதைச் சத்தமில்லாமல் உடைத்தவர்களில், தானே எழுதிப் பாடும் கபேர் வாசுகி முக்கியமானவர், இசையமைப்பாளர் தென்மாவோடு சேர்ந்து அவர் வைத்திருந்த குரங்கன் குழுவும். அப்புறம் 2018 ஜனவரி 6இல் கீழ்ப்பாக்கத்தில், சாதிக்கு எதிராகப் பாடும் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், தென்மாவின் இசை ஒருங்கிணைப்பு, கானா பாடகர்கள், பறை, சட்டி, கட்டமோளம், அவற்றோடு எலெக்ட்ரிக் கிட்டார். அது சின்ன அறை அல்ல, பெரிய மைதானம், கூட்டமும் அதற்கேற்ப. ஆனால் அதன் அலை சின்ன அறைகளுக்குள்ளும் வந்தது. யார் வேண்டுமானாலும் தன் தெருப் பேச்சிலேயே மைக்கைப் பிடிக்கலாம் என்று ஆயிற்று.

தமிழில் பாடும்போது அறையில் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன். ஆங்கிலப் பாட்டில் வார்த்தை காதில் விழாவிட்டால் யாரும் கவலைப்படுவதில்லை, அதுவும் ஒரு கருவி மாதிரிப் போய்விடும். தமிழ் என்றால் ஒரே ஒரு சொல் இரைச்சலைத் தாண்டி வந்து விழுந்தாலும் தலைகள் திரும்பும். 'என்ன சொன்னான்?' என்ற முகங்கள். பாடுகிறவனுக்கு அது பெரிய சோதனை. வல்லினம் எல்லாம் மைக்கில் வெடிக்கிறது, 'ப' வந்தால் பட்டாசு. 'ழ'கரம் கிட்டார் இரைச்சலில் கரைந்து காணாமல் போகிறது. நெடிலை இழுத்தால் உடனே சினிமாப் பாட்டுச் சாயல் வந்து ஒட்டிக்கொள்கிறது, குறிலாகவே வெட்டிக்கொண்டு போனால் மேடைப் பேச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்கப் பையன்கள் தட்டுத் தடுமாறுவதை வாரா வாரம் கேட்பதே ஒரு ருசி.

எல்லாக் குழுவும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பத்தில் ஆறு சுமார், இரண்டு மோசம். மோசமானவற்றில் ஒன்று நிச்சயம் இருபது நிமிடம் சுருதி சேர்க்கும். இரண்டு பாட்டுக்கு நடுவில் உலகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் பாடகர்களைக் கண்டால் நான் டீ குடிக்க வெளியே போய்விடுவேன். மீதி இரண்டுக்காகத்தான் போவது. அந்த இரண்டு எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி கிடையாது.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. பையன்கள் படுக்கையறையிலிருந்து போனில் நேரலை வாசித்தார்கள். பார்த்தேன். கைதட்ட ஆளில்லாமல் ஒரு பாட்டு முடிந்து, வாசித்தவன் கேமராவை அணைக்க எட்டிக் குனியும் அந்த இரண்டு நொடி இருக்கிறதே, அதைத் தாங்க முடியாமல்தான் பார்ப்பதை நிறுத்தினேன்.

அந்த அடையாறு குழுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர்களை அப்புறம் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் 'புதுசு 2' வாசிக்கவில்லை. 2010இல் கலைந்துவிட்டார்கள். பாடுகிறவன் மேல்படிப்புக்கு அமெரிக்கா. டிரம்மர் திருப்பூரில் அப்பாவின் பனியன் கம்பெனி. பதிவு என்று எதுவும் செய்யவில்லை, யூடியூபில் ஒரு மங்கலான வீடியோகூட இல்லை, நான் தேடாத இடமில்லை. அன்று கிளம்பும்போது தரையில் ஒட்டியிருந்த அந்தத் தாளை உரித்து எடுத்து வந்திருந்தேன். பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது. ஸ்கெட்ச் மை வெளுத்து, டேப் இருந்த இடம் பழுப்பேறி, 'புதுசு' மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

போன கார்த்திகையில், மாம்பலத்தில் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வெண்டைக்காயின் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றியதும் தெரிந்தது, அந்தக் கிட்டார்காரன். தலையில் பாதி இல்லை, தொப்பை இருந்தது. நானாகப் போய் அறிமுகம் செய்துகொண்டேன். என்னை அவருக்கு எப்படித் தெரியும்? "அன்னிக்குத் தந்தி அறுந்துச்சே, ஒரு புதுப் பாட்டு" என்றேன். "எந்தப் பாட்டு?" என்றார். நிஜமாகவே ஞாபகமில்லை.

முனகிக் காட்டினேன். பேஸ் முதலில், அப்புறம் அந்த இரண்டு சுரம், அப்புறம் பல்லவி. அவர் கையில் வெண்டைக்காயோடு தலையைச் சாய்த்துக் கேட்டார். "இல்லையே, ரெண்டாவது தடவை கீழ எறங்கும் சார்" என்று அவர் ஒரு மாதிரி முனகினார். எனக்குத் தெரிந்து அது மேலேதான் போகும். பதினாறு வருடமாக மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது. மறுபடி முனகினேன். அவர் மறுத்தார். இடது கை விரல்கள் காற்றில் எங்கோ தந்தியைத் தேடின. "இருங்க இருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, வெண்டக்கா அரை கிலோவா, ஒரு கிலோவா?" என்றான் கடைப் பையன்.

அவர் கண்ணைத் திறக்காமலேயே கையை உயர்த்தி அவனைப் பொறுக்கச் சொன்னார்.